பணத்தின் மறைபெயர்கள்

பணம் ஒன்றே, அதற்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர்களோ பலப்பல. அரசாங்கம் நாணயத்தின் முகத்தில் பொறித்து வைக்கும் பெயர் ஒன்று. அந்நாணயம் கடைத்தெருவில் இறங்கியதும் பெறுகின்ற பெயர் வேறொன்று. முன்னதை அகராதி ஆக்கியோர் மதித்துப் போற்றுவர். பின்னதைக் கொச்சை என்று ஒதுக்குவர். ஆயினும் ஒரு சமுதாயம் பணத்தை எவ்வளவு விரும்பிற்று, அதற்கு எவ்வளவு அஞ்சிற்று, அது இல்லாதபோது எவ்வாறு சிரித்துச் சமாளித்தது என்பதையெல்லாம் அறிய விழைவோர்க்கு நாணயத்தின் முகத்தைக் காட்டிலும் தெருவின் வாயே நல்ல சான்றாகும்.

இலண்டன் மாநகரின் தெருமொழியில் பணத்திற்கு வழங்கும் மறைபெயர்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு சொல்லைச் சொல்லாமல், அதனோடு ஓசை ஒத்து முடியும் மற்றொரு தொடரைச் சொல்லி அச்சொல்லை உணர்த்துகின்ற வழக்கம் அந்நகரத்து எளிய மக்களிடையே உண்டு. காக்னி மக்கள் என்று பெயர் பெற்ற கிழக்கு இலண்டன் தொழிலாளரோடு இவ்வழக்கம் பிணைத்துப் பேசப்படுகிறது. இதனைப் பற்றி இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. திருடரும் ஏய்ப்போரும் காவலர் கண்ணில் மண்ணைத் தூவ அமைத்துக்கொண்ட கள்ளமொழி என்பது ஒன்று. உழைக்கும் மக்களின் நகைச்சுவையில் மலர்ந்த நாட்டுப்புறக் கவிதை என்பது மற்றொன்று. முதற்கருத்து இதனை இகழ்கிறது. இரண்டாவது இதனைக் கொஞ்சுகிறது. இரண்டுமே இதனை ஆராயவில்லை என்பது என் துணிபு. ஒரு செய்யுளைக் கையில் எடுத்தால் அதன் யாப்பு யாது, யாத்தோர் யாவர், அது யாருக்கு என்ன பயன் விளைத்தது என்று கேட்கின்றோம். அதே மூன்று வினாக்களை இத்தெருமொழியிடமும் கேட்போம்.

நம் இலக்கண நூலார்க்கு இத்தகைய வழக்கு புதியதன்று. ஒரு குழுவினர் ஒரு பொருளின் இயற்பெயரை ஒழித்து, தமக்குள் மட்டும் விளங்குமாறு வேறொரு பெயரால் வழங்குவதற்குக் குழூஉக்குறி என்று பெயர். தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக அதனை நன்னூலார் வைத்தார். அதற்கு உரையாசிரியர் காட்டும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதாகும். மறைத்துச் சொல்ல வேண்டிய பொருள்களுள் செல்வம் முன்வரிசையில் நிற்பது எந்நாட்டுக்கும் பொது என்பதை இது காட்டுகிறது.

ஓசையால் அமைந்த பூட்டு

ஆங்கிலத்தில் பணம் 'மணி'; தேன் 'ஹனி'. இரண்டும் ஓசையில் ஒத்து முடிவன. ஆகவே 'பீஸ் அண்ட் ஹனி', அதாவது தேனீக்களும் தேனும் என்றால் பணம் என்று பொருள். ரொக்கத்திற்குக் 'கேஷ்' என்று பெயர். 'சாசேஜ் அண்ட் மேஷ்' என்பது கொத்திறைச்சிக் குழலும் மசித்த உருளைக்கிழங்கும் சேர்ந்த எளிய உணவு. அதுவே ரொக்கத்தின் மறைபெயர். ஒரு பவுண்டைக் 'குவிட்' என்பது நெடுநாள் வழக்கு. அதனோடு ஒத்து ஒலிக்கும் 'சாஸ்பன் லிட்', அதாவது சட்டியின் மூடி, பவுண்டைக் குறிக்கும். ஆயிரம் பவுண்டு 'கிராண்ட்' எனப்படும். 'பேக் ஆஃப் சாண்ட்' என்ற மணல் மூட்டை அதன் மறைபெயர். ஐந்து பவுண்டுத் தாளாகிய 'ஃபைவர்', ஆழ்கடலில் மூழ்குவோன் என்று பொருள்படும் 'டீப் சீ டைவர்' ஆகிறது.

தமிழ் யாப்பில் அடிகளின் இறுதி ஒன்றி வருவதை இயைபுத் தொடை என்கின்றோம். அரபு யாப்பில் அது காஃபியா. அரபு உரைநடையில் வருங்கால் ஸஜ்உ. இவை யாவற்றிலும் ஓசை ஒற்றுமையின் பணி ஒன்றே. அது செவிக்கு இன்பம் தருகிறது. நினைவுக்குத் துணை நிற்கிறது. ஓரடியைக் கேட்டவன் மற்றோரடியை எதிர்நோக்குமாறு செய்கிறது. சுருங்கக் கூறின், கேட்பவனுக்குக் கதவைத் திறந்து விடுகிறது.

இலண்டன் தெருமொழியில் இப்பணி தலைகீழாகிறது. அதில் பழகியவர் தொடர் முழுவதையும் சொல்வதில்லை. ஓசை ஒத்து நிற்கும் இறுதிச் சொல்லை விழுங்கிவிட்டு முற்பகுதியை மட்டும் உதிர்ப்பர். 'சாஸ்பன்' என்ற அளவிலேயே பவுண்டு என்று பொருள் கொள்ளப்படும். சட்டிக்கும் பவுண்டுக்கும் ஓசையிலும் உறவில்லை, பொருளிலும் உறவில்லை. உறவாக இருந்த சொல் வெளியில் வரவே இல்லை. கேட்பவன் கண்ணுக்குப் பூட்டு மட்டும் தெரிகிறது. திறவுகோல் சொன்னவன் சட்டைப்பைக்குள் இருக்கிறது. எல்லாத் தொடர்களும் இவ்வாறு குறைந்து விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில முழுதாகவே வழங்குகின்றன. ஆனால் குறைந்து வழங்குவனவே இவ்வழக்கின் தனித்தன்மையைக் காட்டுவன.

அரபு மொழியிலும் ஓசைக்காகச் சொல்லைப் பின்தொடரச் செய்யும் வழக்கம் உண்டு. அதற்கு 'இத்பாஉ' என்று பெயர். 'ஹஸன் பஸன்' என்பர். 'ஷைத்தான் லைத்தான்' என்பர். ஹிஜ்ரி 395இல் மறைந்த மொழியறிஞர் இப்னு ஃபாரிஸ், 'அல் இத்பாஉ வல் முஸாவஜா' என்று இதற்கெனத் தனி நூலே இயற்றினார். நாமும் 'காசு கீசு' என்கின்றோம். இவ்விரு மொழிகளிலும் பொருளுடைய சொல் முன்னே நடக்க, ஓசைக்காக வந்த சொல் அதன் நிழலாய்ப் பின்னே வருகிறது. இலண்டனிலோ நிழல் முன்னே வந்து நிற்க, உரியவர் வீட்டை விட்டு வெளியில் வருவதே இல்லை.

இவ்வகையின் மிகச்சிறந்த ஆக்கம் எது என்று என்னைக் கேட்டால் 'பொராசிக் லிண்ட்' என்பதையே சொல்வேன். கையில் காசில்லாதவனை ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'ஸ்கிண்ட்' என்பர். தோல் உரிக்கப்பட்டவன் என்பது அதன் நேர்ப்பொருள். 'பொராசிக் லிண்ட்' என்பது புண்ணுக்கு இட்டுக் கட்டும் மருந்துத் துணி. ஓசையும் ஒத்தது; பொருளும் ஒத்தது. தோல் உரிந்தவனுக்கு வேண்டுவது காயக்கட்டுத் துணிதானே? பின்னர்த் துணியைக் குறிக்கும் சொல் விழுந்து, 'பொராசிக்' மட்டும் நின்று, அதுவும் நாவில் தேய்ந்து 'பிராசிக்' ஆயிற்று. இதற்குள் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'பிராஸ்' என்ற பித்தளை வட இங்கிலாந்தில் பணத்திற்கே வழங்கும் பெயர். ஆகவே, காசில்லை என்று சொல்லும் சொல்லின் வயிற்றில் காசின் பெயர் ஒளிந்துகொண்டது. இதனை யாரும் திட்டமிட்டு ஆக்கவில்லை. பலர் வாயில் புரண்டு புரண்டு இவ்வடிவம் அமைந்தது. ஆயினும் புலவன் ஒருவன் ஆக்கியிருந்தால் பாராட்டத் தவறமாட்டோம்.

யாத்தோர் யாவர்?

இவ்வழக்கு கிழக்கு இலண்டனில் பிறந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. எழுத்துச் சான்றுகளோ சற்று வேறாகப் பேசுகின்றன. இச்சொற்களை முதன்முதல் அச்சில் தொகுத்த நூல்கள் 1857இலும் 1859இலும் வெளிவந்தன. இரண்டாவது நூலைத் தொகுத்தவர் ஜான் கேம்டன் ஹாட்டன் என்ற பதிப்பாளர். இவ்வழக்குத் தோன்றிப் பன்னிரண்டு அல்லது பதினைந்து ஆண்டுகளே ஆயின என்று அவர் குறித்தார். அதனைக் கையாண்டோர் அலைந்து திரியும் பாட்டுக்காரரும், தெருவில் கதையளந்து அச்சுத்தாள் விற்போரும், இரந்து உண்போரும் ஆவர் என்றும் குறித்தார். அவர் பெயர் சொல்லிக் காட்டும் இடம் செவன் டயல்ஸ். அது கிழக்கு இலண்டன் அன்று. நகரின் நடுப்பகுதியில், தெருப்பாடல்களை அச்சிட்டு விற்ற அச்சகங்கள் மிகுந்திருந்த ஏழைக் குடியிருப்பு.

இச்செய்தி நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. கொலையையும் தூக்குத் தண்டனையையும் பாட்டாக்கி ஒரு பென்னிக்கு விற்றுப் பிழைத்தவர்க்கு ஓசை ஒத்த சொற்களைத் தேடுவது நாள்தோறும் செய்யும் தொழில். தொழிற்கருவியையே அவர்கள் மறைமொழிக்கும் பயன்படுத்தினர். பழமும் காயும் மீனும் தள்ளுவண்டியில் விற்றவர்க்கோ வேறொரு முறை இருந்தது. அவர்கள் சொல்லை எழுத்துக்கூட்டித் தலைகீழாக்கினர். அதனால் 'பென்னி' என்பது 'யெனப்' ஆயிற்று. 'பவுண்ட்' என்பது 'டுனப்' ஆயிற்று. ஹென்றி மேஹ்யூ 1851இல் வெளியிட்ட இலண்டன் ஏழைத் தொழிலாளர் பற்றிய பெருநூலில் இதனைப் பதிவு செய்திருக்கிறார். தெருவில் இசைக்கருவி வாசித்த இத்தாலியரிடமிருந்தும் சில சொற்கள் வந்து சேர்ந்தன. பென்னியைச் 'சால்ட்டி' என்றது இத்தாலிய 'சோல்டி'யின் திரிபாகும்.

அரபு இலக்கியம் பயின்றோர்க்கு இக்காட்சி புதியதாகத் தோன்றாது. சொல்வன்மையையே முதலாக வைத்து ஊர் ஊராய் இரந்து திரிந்த கூட்டத்தாரை 'பனூ ஸாஸான்' என்று அரபு நூல்கள் அழைக்கும். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ துலஃப், அக்கூட்டத்தாரின் மறைமொழிச் சொற்களையே கோத்து நீண்ட கஸீதா ஒன்று பாடினார். நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'மகாமாத்துல் ஹரீரி'யின் மூன்றாம் மகாமாவை எண்ணிப் பாருங்கள். கந்தலாடை அணிந்து நொண்டி நொண்டி வருகின்ற அபூ ஸைதிடம், ஒரு தீனாரைக் காட்டி, இதனைக் கவிதையால் புகழ்ந்தால் இது உமக்கே என்கிறார் ஹாரிது. அவர் புகழ்ந்து பாடிப் பெற்றுக்கொள்கிறார். இதனை இகழ்ந்து பாடுவீரோ என்று இன்னொரு தீனார் நீட்டப்படுகிறது. அதனையும் இகழ்ந்து பாடிப் பெற்றுக்கொள்கிறார். நொண்டியதும் நடிப்பு என்பது இறுதியில் வெளிப்படுகிறது. பஸராவின் ஹரீரி படைத்த பாத்திரத்திற்கும் செவன் டயல்ஸின் பாட்டு விற்போனுக்கும் இடையே ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டு இடைவெளி. ஒருவரை அறிந்து மற்றவர் செய்ததில்லை. வறுமையும் ஓசைத்திறனும் ஒருவரிடத்தே சேர்ந்தால் பணத்தைப் பற்றி இப்படித்தான் பேச நேரும் போலும்.

சொல்லுக்கும் அறிவிப்பாளர் தொடர் வேண்டும்

பணத்தின் தெருப்பெயர்கள் அனைத்தும் ஓசை ஒப்புமையால் பிறந்தவை அல்ல. ஷில்லிங்குக்குப் 'பாப்' என்றும், ஆறு பென்சுக்குத் 'டானர்' என்றும், இருபது பவுண்டுக்கு 'ஸ்கோர்' என்றும், இருபத்தைந்துக்குப் 'போனி' என்றும், நூற்றுக்குத் 'டன்' என்றும், ஐந்நூற்றுக்கு 'மங்கி' என்றும் வழங்கினர். போனி என்பது மட்டக்குதிரை. மங்கி என்பது குரங்கு. மக்களுக்கு மிகவும் விருப்பமானவை இத்தகைய பெயர்களின் பிறப்புக் கதைகளே. கதை கிடைக்காத இடத்தில் கதையைக் கட்டிவிடுவதும் மக்களுக்கு எளிது.

குரங்கின் கதையைப் பாருங்கள். இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலப் படைவீரர் கையில் குரங்குப் படம் பொறித்த ஐந்நூறு ரூபாய்த் தாள் புழங்கியதாம். அவர்கள் தாயகம் திரும்பியதும் ஐந்நூறு பவுண்டைக் குரங்கு என்று அழைத்தார்களாம். நம் நாட்டின் பெயர் வருவதால் நமக்கும் இக்கதை இனிக்கிறது. ஆனால் இந்திய அரசாங்கம் பணத்தாள் வெளியிடத் தொடங்கியது 1861ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே. அம்முதல் தாள்களில் இருந்தது விக்டோரியா அரசியின் உருவம். குரங்கு என்ற பெயரோ அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இலண்டன் பந்தயக்காரரிடையே வழங்கியது. குரங்குப் படமுள்ள தாள் ஒன்றையும் எவரும் எடுத்துக் காட்டியதில்லை. செய்தி ஒன்றைச் சொன்னால் அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற ஸனதைக் கேட்கும் மரபில் பயின்றவர்கள் நாம். சொல்லின் வரலாற்றுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். கேட்க இனிப்பது என்பது உண்மைக்குச் சான்றாகாது.

ரொட்டியை எடுத்துக்கொள்வோம். பணத்தைப் 'பிரெட்' என்பது, ரொட்டியும் தேனும் என்று பொருள்படும் 'பிரெட் அண்ட் ஹனி' என்ற தொடரின் குறுக்கம் என்பர் பலர். பிழைப்பை ரொட்டி என்று ஆகுபெயராகச் சொல்வது ஆங்கிலத்தில் இத்தெருமொழிக்கும் மூத்தது. அமெரிக்க இசைக்கலைஞரும் பணத்தை ரொட்டி என்றே அழைத்தனர். ஆகவே இவ்விளக்கத்தை ஐயத்திற்கு இடமற்றது என்று கொள்வதற்கில்லை.

இதனால் நம்மோடு உறவுடைய சொல் எதுவுமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். வலுவான தொடருடைய உறவுகள் இருக்கின்றன. கீழை நாடுகளில் வழங்கிய சிறு செப்பு நாணயத்தை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று எழுதியது நம் 'காசு' போர்ச்சுகீசியர் வாய்வழிச் சென்றதே. ஆனால் ரொக்கம் என்ற பொருளுடைய 'கேஷ்' வேறு. அது பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. இரண்டு சொற்கள் ஒரே உருவில் வந்து கலந்துவிட்டன. 1971 வரை ஆங்கிலேயர் பென்னியைக் குறிக்க எழுதிய 'டி' என்ற எழுத்து, இலத்தீன் 'தெனாரியுஸ்' என்பதன் முதலெழுத்து. அதே தெனாரியுஸ் கிரேக்கத்தின் வழியாக அரபுக்கு வந்து 'தீனார்' ஆயிற்று. ஹரீரியின் தீனாரும் இலண்டன் பென்னியின் எழுத்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இன்னும் ஒன்று. பணத்திற்கு 'வாங்கா' என்று ஒரு பெயர் உண்டு. நாடோடிகளாகிய ரோமானி மக்களின் மொழியில் கரியைக் குறிக்கும் 'வங்கர்' என்ற சொல்லிலிருந்து அது வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் கொள்வர். ரோமானி மொழி வட இந்தியாவிலிருந்து பெயர்ந்தோர் மொழி; அச்சொல்லின் மூலம் வடமொழி 'அங்கார'. தணலுக்கு நம் நிகண்டுகள் காட்டும் 'அங்காரம்' அதுவே. குளிர்நாட்டில் கரி இருந்தால் அடுப்பு எரியும். அடுப்பு எரிந்தால் வீடு வாழும். கரியைப் பணத்திற்கு ஒப்பாக வைத்தது ஏழையின் கண். இச்சொல்லுக்குப் பின்னாளில் நேர்ந்த கதியைக் கீழே சொல்வேன்.

ஏழையின் சொல்லும் பந்தயக்காரனின் சொல்லும்

இப்பெயர்களை ஒரே கூடையில் போட்டுப் பாராட்டுவோரும் ஒரே கூடையில் போட்டுப் பழிப்போரும் ஒரு வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர். இவற்றுள் இரு குலங்கள் உண்டு. பாப், டானர், பொராசிக், சட்டிமூடி ஆகியவை சிறு தொகையையும் இல்லாமையையும் பேசுவன. குரங்கும் மட்டக்குதிரையும் குதிரைப்பந்தயத்திலும் சூதாட்ட மேசையிலும் வளர்ந்தவை.

இரண்டு குலங்களும் செய்யும் வேலை வேறு. கூலிக்காரன் அரை கிரவுன் நாணயத்தை அரை டாலர் என்றும், ஐந்து ஷில்லிங்கை 'ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்காலர்' என்றும் அழைத்தான். தன் பிள்ளை வாயிலில்கூட நிற்க இயலாத பல்கலைக்கழகத்தின் மாணாக்கனைத் தன் ஐந்து ஷில்லிங்குக்குப் பெயராக்கியதில் ஒரு குத்தல் இருக்கிறது. அக்குத்தலில் தன்மதிப்பு இருக்கிறது. 'லேடி கொடைவா' என்ற ஐந்து பவுண்டுப் பெயரும் அத்தகையது. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த கோமான் ஒருவரின் மனைவி அப்பெண்மணி. கணவன் கோவென்ட்ரி நகர மக்கள்மீது சுமத்திய வரியை நீக்க வேண்டி, நாணத்தையும் பொருட்படுத்தாது குதிரையேறி நகர வீதியில் சென்றாள் என்பது கதை; இதற்குமேல் சொல்லாது விடுவதையே இடக்கரடக்கல் என்று இலக்கணம் சொல்கிறது. கதை வரலாறாக நிறுவப்பட்டதன்று. ஆயினும் வரியை எதிர்த்தவள் என்று மக்கள் நம்பிய ஒருத்தியின் பெயர் பணத்தாளின்மீது வந்து அமர்ந்தது சுவையான பொருத்தம்.

பந்தயக்காரனின் சொல்லோ வேறு திசையில் வேலை செய்கிறது. இருபத்தைந்து பவுண்டு தொலைந்தது என்று சொல்ல நெஞ்சு நடுங்கும். ஒரு மட்டக்குதிரை போயிற்று என்று சொன்னால் சிரிப்பு வரும். ஐந்நூறு பவுண்டு ஒரு தொழிலாளியின் பல்லாண்டு ஊதியமாக இருந்த காலத்தில் அதனைக் குரங்கு என்று அழைத்தவன், தொகையின் எடையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டான். ஏழையின் மறைபெயர் இல்லாமையைத் தாங்க உதவுகிறது. சூதாடியின் மறைபெயர் இழப்பை உணராதிருக்க உதவுகிறது. முன்னது மருந்துத் துணி. பின்னது மயக்க மருந்து. கலை என்ற அளவில் இரண்டும் ஒரே திறமையால் ஆனவை. மதிப்பிடும்போது இரண்டும் ஒன்றாகா.

காலம் இரண்டையுமே மாற்றியது. 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இங்கிலாந்து பதின்மான நாணய முறைக்கு மாறியது. பன்னிரண்டு பென்சு ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கு மறைந்தது. பாப், டானர் என்ற பெயர்கள் உரியவரை இழந்து நினைவுச் சொற்களாயின. புதியனவும் தோன்றாமல் இல்லை. பத்துப் பவுண்டுத் 'டென்னர்' தாளுக்கு, 1994இல் பந்தயத் தடத்தில் உயிர்நீத்த கார் ஓட்டுநர் அயர்டன் சென்னாவின் பெயர் வந்தது. பாடகர் பாவரொட்டியின் பெயரும் வந்தது. அவருடைய குரல் வகைக்குத் 'டெனர்' என்று பெயராதலின் அது சிலேடை. ஆனால் மறைத்தல் என்ற பழைய பயன் இவற்றில் இல்லை. 2009இல் கிழக்கு இலண்டனில் சில தானியங்கிப் பண இயந்திரங்களே இத்தெருமொழியில் பேசத் தொடங்கின. மறை எண்ணாகிய 'பின்' என்பதைக் கேட்க, நாவல் பாத்திரமாகிய ஹக்கில்பெரி ஃபின்னின் பெயரைத் திரையில் காட்டின. காவலரிடமிருந்து மறைக்கப் பிறந்த மொழி, வங்கி வாசலில் வாடிக்கையாளரை மகிழ்விக்கும் வேடிக்கையாயிற்று. இதில் தீங்கொன்றும் இல்லை. தீங்கு வந்தது வேறு வாயிலாக.

பெயர் கைமாறியது

கரியாகிய 'வாங்கா'வின் கதைக்கு வருவோம். 2006இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற கடன் நிறுவனம் ஒன்று இச்சொல்லையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. அடுத்த சம்பள நாள் வரையில் சில நூறு பவுண்டைக் கணினி வழியே நிமிடங்களில் கடனாகத் தருவது அதன் தொழில். விளம்பரங்களில் முதியவர் உருவில் பொம்மைகள் சிரித்துப் பேசின. அந்நிறுவனம் ஒரு காலத்தில் அறிவித்த ஆண்டு வட்டி வீதம் 5,853 விழுக்காடு. சில வாரக் கடனுக்கு ஆண்டு வீதம் கணக்கிடுவது பொருந்தாது என்று வாதிடுவோர் உண்டு. கடன் குறித்த நாளில் தீர்ந்துவிட்டால் அவ்வாதம் பொருந்தும். தீராமல் புதுப்பித்துப் புதுப்பித்து நீள்கின்ற குடும்பத்திற்கு அந்த எண்ணே உண்மையின் முகம்.

2014இல் இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. தவணை தவறியோரை அச்சுறுத்த, இல்லாத வழக்கறிஞர் நிறுவனங்களின் பெயரால் அந்நிறுவனம் கடிதங்கள் அனுப்பியிருந்தது. ஏறத்தாழ 45,000 பேருக்கு 26 இலட்சம் பவுண்டு இழப்பீடு தர உடன்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில், திருப்பிச் செலுத்தும் ஆற்றலைச் சரிவர ஆராயாமல் கொடுக்கப்பட்ட கடன்களில் 3,30,000 பேரின் 22 கோடி பவுண்டு நிலுவை தள்ளுபடி செய்யப்பட்டது. 2015 ஜனவரி முதல் இத்தகைய கடன்களுக்கு நாளொன்றுக்கு 0.8 விழுக்காடு என்றும், வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து கடன் தொகையை விஞ்சலாகாது என்றும் கட்டுப்பாட்டு அமைப்பு வரம்பு கட்டியது. 2018 ஆகஸ்டில் நிறுவனம் நொடித்துப் போயிற்று.

இங்கே சொல்லின் பங்கை நோக்குங்கள். வங்கி என்றால் ஏழை தயங்குவான். வட்டிக்கடை என்றால் அஞ்சுவான். சந்தையில் அண்டை வீட்டுக்காரன் வாயில் கேட்டுப் பழகிய சொல் விளம்பரப் பலகையில் நின்று அழைத்தால் அத்தயக்கமும் அச்சமும் தளர்ந்துவிடும். நாடோடியின் கரி, தெருவோனின் காசு, பின்னர்க் கடன்கொடுப்போனின் பெயர்ப்பலகை என்று அச்சொல் மூன்று கைகள் மாறிற்று. மூன்றாம் கையில் அது செய்த வேலை, குரங்கு என்ற சொல் பந்தயக்காரனுக்குச் செய்த அதே வேலைதான். தொகையின் எடையை மறைத்தது. முன்பு வலியவனிடமிருந்து எளியவன் மறைத்தான். இப்போது எளியவனிடமிருந்து வலியவன் மறைத்தான். பணத்தின் செல்லப்பெயரைச் சூடிய அதே நிறுவனம் இல்லாத வழக்கறிஞர்க்கும் பெயர் சூட்டியது தற்செயலாக இருக்கலாம். பெயரால் மறைக்கப் பழகிய கைக்கு அடுத்த மறைப்பு எளிதாயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆக, மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்துவிட்டது. யாப்பு என்ற அளவில் இது ஓசையைத் திறவுகோலாக்கி அதனை ஒளித்து வைக்கும் அரிய உத்தி. அவ்வகையில் கவிதைக்கு உறவினன் என்று ஒப்புவதில் தடையில்லை. யாத்தோர், ஓசையை விற்று வயிறு வளர்த்த தெருப்பாடகர் முதலியோர். கள்ளர் மட்டுமே அல்லர். பயன் என்ற இடத்தில்தான் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. இல்லாதவன் தன் இல்லாமையைச் சிரித்துச் சொல்ல உதவியவரையில் இத்தெருமொழி போற்றத்தக்கது. இழப்பையும் வட்டியையும் சிரிப்பால் போர்த்தியபோது அதே மொழி கடியத்தக்கது. சொல் ஒன்றே என்பதால் தீர்ப்பும் ஒன்றே என்று கூறிவிட இயலாது. அச்சொல்லால் இலாபம் அடைகின்றவன் யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

கடன் கொடுத்து வாங்கும்போது தொகையையும் தவணையையும் எழுதிக்கொள்ளுங்கள் என்பது நமக்கு இடப்பட்டிருக்கும் கட்டளை. எழுதும் அவ்வேட்டில் குரங்குக்கும் குதிரைக்கும் கரிக்கும் இடமில்லை. கடைத்தெருவில் காசை எப்பெயரிட்டு அழைத்தாலும், கையொப்பம் இடும் தாளில் எண்ணாலும் எழுத்தாலும் அதன் சொந்தப் பெயரே இருக்கட்டும். அவ்விரண்டு வரிகளையும் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பம் இட வேண்டும் என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போமாக.